ஆங்கிலம் பேசாத நாட்டுக்குக் குடிபெயர்வது எப்படி? ஜெர்மனியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன் பணியாளர் விசாவுக்கான சம்பள வரம்பை ஆண்டுக்கு 41,700 பவுண்டுக்கு ஏற்றிவிட்டது. அதிலிருந்து "வேற எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஜெர்மனி என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி வரும்: "மொழி தெரியாதே, எப்படிச் சமாளிக்கிறது?"

நான் கோவையில் இயந்திர வடிவமைப்பு வேலையில் இருந்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு ஜெர்மன் படித்து இங்கே வந்தவன். வரும் வழியில் தேவையில்லாமல் செலவழித்த பணமும் காத்திருந்த காலமும் கொஞ்சநஞ்சமல்ல. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே வேண்டாம் என்று அப்போது சொல்ல ஆளில்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன். சம்பள வரம்பு போன்ற தொகைகள் ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். எதற்கும் பணம் கட்டும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. மொழிச் சிக்கலை நான்காகப் பிரித்துப் பாருங்கள்

"மொழி தெரியாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்த இரண்டு நாட்டையும் ஒப்பிட முடியாது. மனதில் இருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: விசா வாங்க எவ்வளவு மொழி வேண்டும்? என் தொழிலில் வேலை கிடைக்க எவ்வளவு? வீடு பிடிக்க, டாக்டரிடம் பேச, அரசு அலுவலகக் கடிதம் படிக்க எவ்வளவு? நிரந்தர வசிப்புரிமைக்கு எவ்வளவு? நான்குக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்திறன் பணியாளர் அனுமதிக்கு டச்சு தேர்வு கிடையாது, ஐடி அலுவலகங்கள் ஆங்கிலத்திலேயே ஓடுகின்றன. ஆனால் அரசு அங்கீகரித்த நிறுவனம்தான் உங்களைக் கூப்பிட முடியும், வீடு கிடைப்பது பெரும்பாடு, நிரந்தர உரிமை கேட்கும்போது டச்சுத் தேர்வு வந்து நிற்கும்.

ஜப்பானில் பொறியாளர் விசாவுக்குச் சட்டப்படி மொழி நிபந்தனை இல்லை. ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்3 அல்லது என்2 கேட்கும் (என்5 தொடக்கநிலை, என்1 உச்சம்). முதியோர் பராமரிப்பு, உணவகம் போன்ற வேலைகளுக்கான 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு என்4 அளவு போதும். ஆனால் அதன் முதல் பிரிவில் மொத்தம் 5 ஆண்டுகள்தான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதை ஏஜென்ட்டுகள் கடைசியில்தான் சொல்வார்கள்.

ஜெர்மனியில் புளூ கார்டுக்கு (உயர்திறன் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) ஜெர்மன் மொழியே கேட்பதில்லை. செவிலியர் என்றால் பி2 (ஏ1இலிருந்து சி2 வரை போகும் ஆறு மொழிப் படிகளில் நான்காவது) இல்லாமல் பதிவு கிடைப்பது கடினம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில்காரர்களுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, நடைமுறையில் பி1 இல்லாவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. ஐடிக்காரர்கள் பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் ஆங்கிலத்தோடு வேலை வாங்கிவிடலாம். வீட்டுக்காரரும் குழந்தைகள் டாக்டரும் பேசுவது ஜெர்மன்தான்.

நான் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். என் தொழிலுக்கு அங்கே ஆள் தேவை இருந்தது. நிரந்தர உரிமைக்கான விதி எழுத்தில் தெளிவாக இருந்தது, குலுக்கல் கிடையாது. உங்கள் காரணம் வேறாக இருந்தால் நாடும் வேறாக இருக்கலாம். இனி சொல்வதெல்லாம் ஜெர்மனிக்கு.

2. மொழி வகுப்பில் சேரும் முன் பட்டத்தைச் சோதியுங்கள்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஏ1 வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பட்டம் செல்லுமா என்று பார்க்கிறார்கள்.

ஜெர்மன் அரசின் அனாபின் என்ற இலவசத் தரவுதளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். அதற்கு நேராக 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்க வேண்டும். பிறகு உங்கள் பட்டத்தின் பெயரைத் தேடி, ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்தப் பக்கங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், விசாவுக்கு அதுவே சான்று. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரைத் தேடிவிட்டுப் பயந்துபோகிறார்கள். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும்.

பட்டம் அங்கே இல்லை, அல்லது குறிப்பு குழப்பமாக இருக்கிறது என்றால், பான் நகரில் இருக்கும் வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்துக்கு (சுருக்கமாக இசட்ஏபி) ஆன்லைனில் விண்ணப்பித்து ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ. எல்லா ஆவணமும் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது பட்டமளிப்பு விழாச் சான்றிதழ். புரொவிஷனலை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போய் அசல் பட்டத்தை வாங்குங்கள். நம் ஊரில் அதற்கே சில மாதம் ஆகிவிடும்.

செவிலியர்கள், மருத்துவர்கள் கதை வேறு. அவை அரசு ஒழுங்குபடுத்தும் தொழில்கள். அந்தந்த மாநில அதிகாரியிடம் தனியாக அங்கீகாரம் வாங்க வேண்டும். பெரும்பாலும் 'குறை இருக்கிறது' என்று ஓர் ஆணை வரும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சிக் காலமோ அறிவுத் தேர்வோ முடித்து அந்தக் குறையைச் சரிசெய்யலாம், அதற்கென்றே விசா இருக்கிறது. தமிழ்நாட்டுச் செவிலியர்கள் தனியார் ஏஜென்சியிடம் போகும் முன் சென்னை கிண்டியில் இருக்கும் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு முறை விசாரியுங்கள்.

3. பெயர், இனிஷியல், பாஸ்போர்ட்

இந்தத் தலைப்பு வடநாட்டுக்காரர்களின் வழிகாட்டிகளில் இருக்காது. நமக்குக் கட்டாயம் வேண்டும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கே. செந்தில்குமார்'. பட்டத்தில் 'செந்தில்குமார் கே'. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து 'செந்தில்குமார் கந்தசாமி', அல்லது குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஜெர்மன் குமாஸ்தாவுக்கு மூன்று பேர். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விமான டிக்கெட்டில் தொடங்கி வங்கிக் கணக்கு, ஊர்ப் பதிவு, காப்பீட்டு அட்டை வரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் பெயர் பதிவாகும். பிறகு ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

அதனால் விசா வேலையைத் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கும்படி மறுவெளியீடு வாங்கிவிடுங்கள். சான்றிதழ்களில் இருக்கும் வேறுபாட்டுக்கு, "இருவரும் ஒரே நபர்" என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரம் தயார் செய்யுங்கள். திருமணமானவர்கள் பதிவுத் திருமணச் சான்றிதழிலும் மனைவியின் பாஸ்போர்ட்டிலும் கணவர் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் செல்லாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும்.

இன்னொரு செலவு இங்கே மிச்சமாகும். "டிகிரிக்கு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்வதற்கான அரசு முத்திரை) போடணும்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் கடைகள் உண்டு. இந்தியா அப்போஸ்டிலுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அதனால் இந்திய அப்போஸ்டிலுக்கு ஜெர்மனியில் மதிப்பில்லை. தூதரகப் பட்டியலில் கேட்காத முத்திரை எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அதே போல ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), கட்டணம் 18,000 ரூபாய், படிக்கப் போகிறவர்களுக்கானது. வேலைக்குப் போகிறவருக்கு அது தேவையில்லை.

4. மொழி: எந்த லெவல், எவ்வளவு காலம், எவ்வளவு பணம்

ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பான கதே நிறுவனத்தின் கணக்குப்படி ஏ1க்கு 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை, பி1 முடிய மொத்தம் 350 முதல் 650, பி2 முடிய 600 முதல் 800. வேலைக்குப் போய்க்கொண்டே வாரக்கடைசியில் படித்தால் பி1க்கு ஒன்றரை வருடம் ஆகும். "மூன்று மாதத்தில் பி2" என்று பேனர் வைத்திருப்பவர்களை நம்பாதீர்கள்.

சென்னையில் கதே நிறுவனம் நுங்கம்பாக்கம் பக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கிறது. பழைய ஆட்கள் மேக்ஸ் முல்லர் பவன் என்பார்கள். அங்கேயே ஏ1இலிருந்து பி1 வரை படித்து, தேர்வும் எழுதினால் செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். வகுப்பை வேறு இடத்தில் குறைந்த செலவில் படித்துவிட்டுத் தேர்வை மட்டும் வெளியாளாக எழுதலாம், நானும் அப்படித்தான் செய்தேன். விசாவுக்குக் கதே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுச் சான்றிதழ்தான் செல்லும். வகுப்பு நடத்திய மையம் தரும் 'கோர்ஸ் கம்ப்ளீஷன்' தாளுக்கு மதிப்பில்லை. சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கதே பி1, பி2 தேர்வுகள் நான்கு பகுதியாக இருக்கும்: படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஏ1, ஏ2க்கு அப்படிக் கிடையாது, மொத்தத்தையும் திரும்ப எழுத வேண்டும். நம் ஆட்கள் இலக்கணத்தில் கெட்டி, எழுதுவதிலும் தேறிவிடுவார்கள், விழுவது கேட்டலில். தேர்வில் ஒலிப்பதிவில் ரயில் நிலைய அறிவிப்பும், டாக்டர் வீட்டு ஆன்சரிங் மெஷினும், பின்னால் சத்தத்தோடு ஒரு வானொலிப் பேட்டியும் வரும். வகுப்பில் ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசுவதையே கேட்டுப் பழகியவருக்கு அது வேறு மொழி மாதிரி இருக்கும். ஏ2 முடிந்ததும் தினமும் அரை மணி நேரம், டாய்ச்ச வெல்லே வானொலி மெதுவான வேகத்தில் வாசிக்கும் செய்தியைக் கேளுங்கள். இலவசம்தான்.

தேர்வு இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சென்னையில் கிடைக்காதவர்கள் பெங்களூரு, திருவனந்தபுரம் என்று போய் எழுதுகிறார்கள். பயணச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

எந்த லெவலோடு கிளம்புவது? என் கருத்தில், ஐடி அல்லாத பொறியாளர் பி1 இல்லாமல் கிளம்பக் கூடாது. "அங்கே போனா தானா வந்துடும்" என்பார்கள், தானாக வராது. வேலை, வீடு தேடல், சமையல் எல்லாம் முடிந்து இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும் தெம்பு முதல் வருடத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

5. எந்த விசா?

கையில் வேலை உத்தரவு இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது புளூ கார்டு. 2026க்கான சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும் (பொறியியல், ஐடி, மருத்துவம் இதில் வரும்), பட்டம் முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20 யூரோ. இதெல்லாம் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகை. உறுதியில்லாத போனஸ் கணக்கில் வராது. ஐடியில் பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் இதே கார்டு கிடைக்கும். சம்பளம் இதற்குக் கீழே என்றால் சாதாரணத் திறன் பணியாளர் அனுமதி இருக்கிறது. முதல் முறையாக வருபவர் 45 வயதைத் தாண்டியிருந்தால் அதற்கும் ஒரு சம்பள வரம்பு உண்டு: 2026இல் 55,770 யூரோ.

வேலை இன்னும் கிடைக்கவில்லை, நேரில் போய்த் தேட வேண்டும் என்றால் 2024 ஜூன் 1 முதல் இருக்கும் ஆப்பர்சூனிட்டி கார்டு. ஒரு வருடம் செல்லும். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். பட்டம் முழுமையாக இணை என்று இருந்தால் புள்ளிக் கணக்கே வேண்டாம். மற்றவர்களுக்கு ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் கட்டாயம், அதோடு 6 புள்ளி சேர்க்க வேண்டும்.

உதாரணமாக பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த 33 வயதுக்காரர். 35 வரை வயதுக்கு 2 புள்ளி. கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டு தொழில் அனுபவத்துக்கு 3. ஆக 5. ஆறாவது புள்ளி சி1 ஆங்கிலத்தில் வரலாம், இல்லையென்றால் ஏ2 ஜெர்மனில். பி1 முடித்திருந்தால் 2, பி2 என்றால் 3. வயது 35ஐத் தாண்டி 40க்குள் இருப்பவருக்கு வயதுப் புள்ளி ஒன்றாகக் குறையும். அங்கே மொழிதான் அந்த இடைவெளியை நிரப்பும்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் ஏ1ஐ வைத்துக்கொண்டு, ஊரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, ஆப்பர்சூனிட்டி கார்டில் வருவதைச் சூதாட்டம் என்றுதான் சொல்வேன். கார் தொழிற்சாலைகளே ஆட்குறைப்பு செய்யும் காலம் இது. ஒரு வருடத்தில் தகுந்த வேலை அமையாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். உணவு டெலிவரி வேலையைக் காட்டி நீட்டிப்பு வாங்க முடியாது.

6. பணம்

ஆப்பர்சூனிட்டி கார்டுக்கு மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும் (2025 கணக்கு). அந்தப் பணம் உங்களுடையதுதான், அங்கே போன பிறகு மாதாமாதம் விடுவிப்பார்கள். வேலை உத்தரவோடு போகிறவருக்கு இது தேவையில்லை.

இங்கே வரிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் கிளம்பும் நேரத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது. முடிந்தால் ஒரு பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்புங்கள். இரண்டு நிதியாண்டாகிவிடும்.

தேசிய விசாக் கட்டணம் 75 யூரோ. அது போக மருத்துவக் காப்பீடு, டிக்கெட், முதல் இரண்டு மாதத் தற்காலிக அறை. வாடகை வீட்டுக்கு முன்பணம் என்று சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டைப் பார்க்கும் முன், "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அது மோசடி.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என்று தனி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தம் போகும்.

7. விண்ணப்பம்

பெரும்பாலான வேலை விசாக்களுக்கும் ஆப்பர்சூனிட்டி கார்டுக்கும் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆன்லைன் தூதரகச் சேவைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை ஏற்றி, அவர்கள் முதலில் பார்த்துக் குறை சொன்ன பிறகு, விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்துக்குப் போய்க் கைரேகையும் அசலும் காட்ட வேண்டும். குறை சொல்லி வரும் செய்தி ஸ்பேம் பெட்டியில் போய் விழ வாய்ப்பிருக்கிறது. தளத்துக்குள் தினமும் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

வேலை உத்தரவோடு விண்ணப்பிப்பவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: ஒப்பந்தம் மட்டும் போதாது. வேலை தருபவர் சம்பளம், வேலை நேரம், விடுப்பு, வேலையின் தன்மை எல்லாம் நிரப்பிக் கையெழுத்திட்ட 'வேலை உறவு அறிவிப்பு' என்ற அரசுப் படிவமும் வேண்டும். சிறிய கம்பெனிகளின் மனிதவளத் துறைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே படிவத்தை நீங்களே அனுப்பி வையுங்கள்.

அவசரம் என்றால் வேலை தருபவர் அங்கே உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விரைவு நடைமுறைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் 411 யூரோ. பல கம்பெனிகள் அதைத் தாங்களே கட்டிவிடும். மற்றபடி சில வாரத்திலிருந்து சில மாதம் வரை ஆகும். விசா முத்திரை பாஸ்போர்ட்டில் விழும் வரை ஊரில் இருக்கும் வேலையை விடாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள்.

ஏஜென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் உங்களிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு "சம்பளத்தோடு படிப்பு" என்று ஜெர்மன் தொழிற்பயிற்சியை விற்கிறார்கள். அந்தத் திட்டம் உண்மையானது. ஆனால் பொதுவாக பி1 வேண்டும், இடம் தருவது கம்பெனி, பிள்ளை நேரடியாக விண்ணப்பிக்கலாம். தெரிந்த ஒரு குடும்பம் நிலத்தை அடமானம் வைத்து ஒரு ஏஜென்சியிடம் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது ஏ1 வகுப்பும் ஒரு கோப்பு உறையும்தான்.

8. இறங்கிய பிறகு

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். தற்காலிக அறை எடுக்கும்போதே "பதிவு செய்ய அனுமதி உண்டா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு இல்லாமல் வரி எண் வராது, வசிப்பு அட்டைக்கும் போக முடியாது.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கும். ஜெர்மனியில் இன்னும் எல்லாம் தபால்தான். வரி எண் கடிதத்தில் வரும், காப்பீட்டு அட்டை கடிதத்தில் வரும், வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று கேட்டு ஒரு கடிதம் வரும். டிவி இல்லை என்று அதைக் குப்பையில் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். மஞ்சள் உறையில் வரும் கடிதம் மட்டும் தனி. உறையின் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். பதில் சொல்லும் கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. உறையைத் தூக்கி எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு புரியவைக்கும். கெடு, தொகை, சட்டப்பிரிவு வரும் வரிகளை மட்டும் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பல ஊர்களில் அந்த ஒருவர் ஈழத்தமிழராகவே இருப்பார். எண்பதுகளில் அகதிகளாக வந்து, இப்படி ஒரு வழிகாட்டியும் இல்லாமல் இந்த மொழியைப் படித்தவர்கள் அவர்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கலாம். எனக்கு வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாக விளக்கியவர் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன்தான்.

மொழியை இங்கேயும் நிறுத்தாதீர்கள். நகரசபை ஆதரவில் நடக்கும் மக்கள் கல்வி நிலையங்களில் மாலை வகுப்புகள் தனியார் பள்ளியைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும். புளூ கார்டுக்காரரின் மனைவியோ கணவரோ வர ஏ1 கேட்பதில்லை, வந்ததும் வேலை பார்க்கவும் உரிமை உண்டு. இதை நம்பி அவர்கள் ஒன்றும் படிக்காமல் வந்து வீட்டுக்குள் முடங்கிவிடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் ஆறு மாதத்தில் பேசத் தொடங்கிவிடும், அம்மா அதே இடத்தில் நிற்பார். இருவரும் ஒன்றாக ஏ1 வகுப்பில் சேர்ந்து வாருங்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு: இந்திய உரிமம் பதிவு செய்த பிறகு ஆறு மாதம்தான் செல்லும். பிறகு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும், செலவு சில ஆயிரம் யூரோ வரை போகும்.

9. நிரந்தர உரிமைக்கு முதல் நாளிலிருந்தே கோப்பு

புளூ கார்டில் இருப்பவர் ஏ1 அளவு ஜெர்மனோடு 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பி1 இருந்தால் 21 மாதம். சாதாரணத் திறன் பணியாளருக்கு மூன்று ஆண்டு, பி1 வேண்டும். இந்தியாவிலேயே பி1 முடித்து வந்தவருக்கு அந்தச் சான்றிதழ் இங்கே இன்னொரு முறை உதவுகிறது. பத்திரமாக வையுங்கள்.

குடியுரிமைக்கு 5 ஆண்டு, பி1, 33 கேள்விகளில் 17க்குச் சரியான விடை தேவைப்படும் ஒரு தேர்வு. 2024 ஜூன் முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) எடுக்க வேண்டும். ஊரில் விவசாய நிலம் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் நிரந்தர உரிமையோடு நிற்பது நல்லது, ஓசிஐ அட்டையோடு விவசாய நிலம் வாங்க முடியாது.

நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஓய்வூதியக் காப்பீட்டில் எத்தனை மாதம் கட்டியிருக்கிறீர்கள் என்ற விவர அறிக்கை கேட்பார்கள். ஓய்வூதிய நிறுவனத்தின் தளத்தில் கேட்டால் தபாலில் அனுப்புவார்கள். மாதங்கள் நிறைவதற்கு எட்டு வாரம் முன்பே கேட்டு வாங்கி, ஏதாவது மாதம் விடுபட்டிருக்கிறதா என்று சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். விடுபட்டிருந்தால் சம்பளப் பிரிவுக்கு எழுதித் திருத்தவும் அந்த இடைவெளி தேவைப்படும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே பெரிய நகரங்களில் மாதக்கணக்காகும் என்பதால், அதற்கான விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள்.